கழுத்தில் இரண்டு அட்டை

விழாவில் தரும் பையைப் பிரித்ததும் படம் எடுத்தவர் தன் படம் எந்த அரங்கில், எத்தனை மணிக்கு என்றுதான் தேடுவார். எழுத வந்தவர் பேனாவை எடுத்து, பார்க்க நேரம் இருக்காத படங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். திருவனந்தபுரத்தில் இரண்டு வேலையையும் ஒரே டீயைக் குடித்தபடி செய்தேன். என் படம் காலை முதல் காட்சி. அதே நேரத்தில் பக்கத்து அரங்கில், பத்திரிகைக்காக நான் கட்டாயம் பார்த்தாக வேண்டிய படம். மனசு கொஞ்சம் சுருங்கியது. எழுதுகிறவனாக யோசித்தால் அதில் குறை சொல்லவும் எதுவும் இல்லை. பெயர் தெரியாத இயக்குநரின் உப்பளப் படத்தை மாலை ஆறு மணிக்கு நானே போட்டிருக்க மாட்டேன்.

பதிவு மேசையில் இரண்டு அட்டை கொடுத்தார்கள். ஒன்று ஊடகம், ஒன்று இயக்குநர். இரண்டையும் சேர்த்து மாட்டினால் நாடா முறுக்கிக்கொள்கிறது. ஊடக அட்டை மேலே இருந்தால் மற்ற இயக்குநர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். இயக்குநர் அட்டை மேலே இருந்தால் குறைகளை எல்லாம் கொட்டுகிறார்கள்: தயாரிப்பாளர் ஏமாற்றியது, எடிட்டர் பாதியில் போனது, வட்டிக்கு வாங்கி ஹார்ட் டிஸ்க் வாங்கியது. எழுதக் கூடாத சேதிகள்தான் அதிகம் கிடைக்கும் என்று முதல் நாள் மத்தியானமே புரிந்துவிட்டது.

கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி 2008 முதல் நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா இது. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று அரங்குகள். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் கூப்பிடு தூரம். நாகர்கோவிலில் இருந்து வண்டி ஏறினால் காலைக் காட்சிக்கு வந்து இறங்கலாம் என்பதால் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஏறக்குறைய உள்ளூர் விழா. வருகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, கட்சிக்காரர்கள் உண்டு. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் துணிப்பையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து, ஒரு நாளைக்கு ஐந்து காட்சி பார்த்துவிட்டு, ஆறாவதுக்கு வரிசையில் நிற்பார்கள். அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் அல்லவா, படம் முடிந்ததும் எழுந்து போவதை மரியாதைக் குறைவாகவே இன்னும் நினைக்கிறார்கள்.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. ஆர்.பி. அமுதன் 1998இல் தொடங்கி மதுரையில் நடத்திவரும் ஆவணப்பட விழாவில்தான் நான் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கல்லூரி அரங்கிலும் சிறு மண்டபத்திலும் புரொஜக்டர் வைத்து, ஜன்னலை அட்டையால் மறைத்துப் பார்த்த படங்கள். அங்கே ஒரு படம் பிடித்துப்போனால் அதை எடுத்தவர் பக்கத்து நாற்காலியில் வடை தின்றுகொண்டிருப்பார். அந்த நெருக்கம் எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்தது. எடுத்தவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டே எழுதத் தொடங்கினேன்.

திருவனந்தபுரத்துக்கு 2017இல் எழுத மட்டுமே வந்திருந்தேன். அந்த ஆண்டு மூன்று படங்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தணிக்கை விலக்கு தர மறுத்திருந்தது. ஒன்று ரோஹித் வெமுலா பற்றியது, ஒன்று காஷ்மீர் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது, ஒன்று ஜேஎன்யு போராட்டம் பற்றியது. வெளியே வாசலில் கோஷம், உள்ளே அட்டவணையில் ஓட்டை. 2019இல் ஆனந்த் பட்வர்தனின் ‘விவேக்’ படத்துக்கும் அதுவே நடந்தது. தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் கொலைகளைப் பின்தொடரும் நெடும்படம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆம்ஸ்டர்டாம் விழாவில் முதல் பரிசு வாங்கியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகு இங்கே காட்டினார்கள்.

இந்த விலக்கு விஷயம் படம் எடுப்பவனாக வந்தபோது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. விழாவில் மட்டும் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, படங்களின் பட்டியலைக் கதைச் சுருக்கத்தோடு அமைச்சகத்துக்கு அனுப்பி விலக்கு வாங்க வேண்டும். ஆக, நம் படத்தைப் பற்றி நாம் எழுதிக் கொடுக்கும் ஐந்தாறு வரியை எந்தப் பார்வையாளருக்கும் முன்னால் ஓர் அதிகாரி படிக்கிறார். அதைத் தெரிந்தவர்கள் எழுதும் கதைச் சுருக்கத்தில் ‘சுரண்டல்’ இருக்காது, ‘வாழ்வியல்’ இருக்கும். ‘போராட்டம்’ இருக்காது, ‘பயணம்’ இருக்கும். விழாக் கையேட்டைப் பார்த்து, எல்லாப் படமும் ஏன் இப்படிச் சவசவ என்று இருக்கிறது என்று ஒரு காலத்தில் நானே கிண்டலாக எழுதியிருக்கிறேன். என் படத்தின் சுருக்கமும் அப்படித்தான் அச்சாகியிருந்தது: ‘தூத்துக்குடி உப்பளங்களில் ஒரு பெண்ணின் ஓர் ஆண்டு.’

மும்பை ஆவணப்பட விழாவிலும் இந்தத் தணிக்கைச் சண்டை பழையது. பிலிம்ஸ் டிவிஷன் 1990இல் தொடங்கிய அந்த விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று 2003இல் ஒரு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். பிறகு தேர்வில் பல படங்கள் உதிர்ந்தன. உதிர்ந்தவர்கள் 2004இல் அதே ஊரில், அதே நாட்களில் ‘விகல்ப்’ என்று தனி விழா நடத்திக் காட்டினார்கள்.

என் படத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி அளத்தில் வேலை விடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பாத்திக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறிய பிறகு அங்கே கண்ணைத் திறந்து நிற்க முடியாது. கீழே உப்பு, மேலே சூரியன், இரண்டு பக்கமும் எரிச்சல். கேமராவுக்கும் அதே கதிதான். வெளிச்ச அளவை உப்புக்கு வைத்தால் முகம் கருப்பாகிப்போகும். முகத்துக்கு வைத்தால் உப்பு வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும், பரல் தெரியாது. நானும் ஒளிப்பதிவாளரும் சண்டை போட்டுப் போட்டு, முகம் தெரிந்தால் போதும், உப்பு போனால் போகட்டும் என்ற முடிவுக்கு வந்தோம். முக்காலியின் காலை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் மறுநாள் திருகு திரும்பாது. மைக்குக்கு மேலே பஞ்சுரோம உறை போட்டும் காற்றின் இரைச்சல் போகவில்லை. அந்த இரைச்சலே படத்தின் ஒலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிற்பாடு அது உண்மையாகவும் ஆயிற்று.

உப்பைப் பற்றி ஏற்கெனவே பெரிய படம் ஒன்று இருக்கிறது. பரிதா பாச்சா எடுத்த ‘மை நேம் இஸ் சால்ட்’, 2013. கட்ச் சிறு ரண் பாலைவனத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு எட்டு மாதம் தங்கி உப்பு விளைவிக்கிறது. மழைக்காலம் வந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. அடுத்த ஆண்டு மறுபடி வருகிறார்கள். பின்னணிக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் முதல் படத்துக்கான பரிசு வாங்கியது. அந்தப் படத்தை நான் மெச்சி எழுதியிருந்தேன். பேட்டி எடுத்தால் உழைப்பவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதாகிவிடும், இவர் ஏற்றவில்லை என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு வரி. என் படத்தின் நாயகியோ, நான் அக்கா என்று கூப்பிடுபவர், பேசிக்கொண்டே இருக்கிறார். முதல் நாள் அளத்துக்குப் போனபோதே அவர் வாயை மூட முடியவில்லை. பேசுவது அவருக்கு வேலையின் பாகம். பேச்சு நின்றால் உப்பு வாரும் பலகை நின்றுவிடும். எழுத்தில் வைத்த கொள்கையை அவர் முன்னால் தூக்கிப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை, தேவையும் இல்லை. உழைப்பாளி பேசாமல் இருப்பது அழகு என்ற எண்ணம் கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் வரும் என்று இப்போது நினைக்கிறேன். ‘மை நேம் இஸ் சால்ட்’ இன்றைக்கும் நல்ல படம்தான். அந்த வரியை மட்டும் இன்று எழுத மாட்டேன்.

திரையிடும் நாள் காலையில் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஆபரேட்டர் அறைக்குள் போனால் அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், லுங்கியில்லை, மடிப்புக் கலையாத பேன்ட், பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடி. சினிமா அரங்கில் ஒலி அளவுக்கு ஏழு என்பதுதான் தரமான நிலை. கலவை செய்யும் ஸ்டுடியோவிலும் அதற்குத்தான் கணக்குப் போடுவார்கள். விளம்பரங்களும் சண்டைப் படங்களும் காதைக் கிழிப்பதால் பல ஊர்களில் நான்கிலும் நான்கரையிலுமே வைத்து ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. நம்முடைய படங்களோ ஓர் அறைக்குள், சின்ன ஸ்பீக்கரில் கலந்தவை. நாலில் வைத்தால் பேச்சு கேட்காது, ஏழில் வைத்தால் காற்று கூரையைப் பிடுங்கும். அவர் அரை நிமிடம் கேட்டார். “சாரே, அஞ்சர” என்றார். உள்ளே போய் நின்று கேட்டேன். அஞ்சரைதான். அளத்துக் காற்று அளத்தில் எப்படியோ அப்படியே இருந்தது. அக்கா அதற்கு மேலே பேசினார். படத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் விமர்சனமும், இன்றுவரை மிகச் சுருக்கமான விமர்சனமும் அதுதான்.

அக்காவும் வந்திருந்தார். மருமகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு முந்தின நாள் ராத்திரியே வண்டி ஏறிவிட்டார். படத்தில் இருப்பவர் அரங்கில் இருக்கும்போது படம் பார்ப்பது தனி அனுபவம். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் தன் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்த்தார். “அது நம்ம செல்வி மதினி”, “இவன் இப்ப திருப்பூர்ல கெடக்கான்” என்று மருமகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அத்தனை பாடுபட்டு வெளிச்சம் பிடித்த அதிகாலைக் காட்சியில் குனிந்து செருப்பைத் தேடினார்.

தமிழ் தெரிந்தவர்கள் பாதி, ஆங்கில எழுத்தைப் படிப்பவர்கள் பாதி என்று இருந்ததால் சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. அக்கா பேசி முடிப்பதற்குள் கீழே எழுத்து வந்துவிடும், படிப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். கேட்பவர்கள் சிரிக்கும்போது படிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த படத்தில் வேடிக்கையான இடத்தில் எழுத்தைக் கால் நொடி தாமதிக்கச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

முடிந்ததும் கேள்வி நேரம். முதல் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்விதான், நானே பல இயக்குநர்களிடம் கேட்டிருக்கிறேன்: “அவருக்குக் காசு கொடுத்தீர்களா?” பத்திரிகைத் தொழிலில் பேட்டிக்குக் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சொல்வது விலைக்கு வாங்கியது ஆகிவிடும். அந்த விதி ஆவணப்படத்துக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒருவரை ஐந்து நிமிடம் பேசவைப்பதும், வெளிச்சம் சரியில்லை என்று அதே பாத்தியில் இரண்டாம் தடவை நடக்கவைப்பதும் ஒன்றல்ல. நடந்த நேரத்துக்குக் கூலியில் பிடித்தம் விழும். நான் படம்பிடித்த நாட்களின் கூலியை எண்ணிக் கொடுத்துவிடுவேன். இதை எப்படி மேடையில் சொல்வது என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா மைக்கை வாங்கிவிட்டார்.

“குடுத்தாவ. குடுக்கலன்னா கங்காணிக்கு யாரு பதில் சொல்லுவா?”

கைதட்டல். கேட்டவரும் தட்டினார். அந்த உற்சாகத்தில் அக்கா இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார். தான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைப் பற்றி, பெயர் சொல்லி. என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய்க் குறிப்பேட்டை எடுத்தது. மேடையில், விளக்கு வெளிச்சத்தில், என் படத்தின் நாயகி பக்கத்தில் நிற்க, நான் எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த நண்பர் அதைப் போட்டோ எடுத்து இன்றைக்கும் காட்டிச் சிரிக்கிறார்.

அந்த இரண்டு வாக்கியம் படத்தில் இல்லை. படப்பிடிப்பின்போது அதே விஷயத்தை இன்னும் விரிவாகச் சொல்லியிருந்தார். எடிட்டிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, அது வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அடுத்த சீசனில் அவர் அதே ஊரில்தான் வேலை கேட்டு நிற்க வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு அரசு தரும் ஐயாயிரம் ரூபாயை வைத்து ஓர் ஆண்டை ஓட்ட முடியாது. இயக்குநருக்கும் அவருக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது. எழுதுகிறவனுக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. பொது மேடையில், மைக்கில், நூறு பேருக்கு முன்னால் சொன்னது. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் போடலாம் என்பார். விழாக் கட்டுரைக்கு அதைவிட நல்ல தொடக்கமும் கிடைக்காது. ராஜம் கிருஷ்ணன் இதே உப்பளங்களைச் சுற்றி வந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதியபோது நாவல் என்ற குடை அவருக்கு இருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. எனக்கு இருந்தது ஆயிரம் சொல்லும் ஒரு புகைப்படமும்.

ராத்திரி விடுதியில் கட்டுரையை அந்த இரண்டு வாக்கியம் இல்லாமல் எழுதினேன். பிறகு என் படமே இல்லாமல் எழுதினேன். தன் படத்தைப் பற்றித் தானே எழுதுவது அசிங்கம் என்பதால், அந்தக் காலை முழுக்கவே கட்டுரையிலிருந்து போய்விட்டது.

மற்ற படங்களைப் பற்றி எழுதுவது அதைவிடச் சுலபமாக இல்லை. நாற்பது நிமிடத்துக்கு மேற்பட்ட ஆவணப்படங்களுக்கான போட்டிப் பிரிவில் நானும் இருந்தேன். அதே பிரிவுப் படத்தைக் குறை சொன்னால் பொறாமை, புகழ்ந்தால் கூட்டுறவு. பரிசு அறிவிக்கும்வரை அந்தப் பிரிவைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தொட்ட படங்களிலும் பழைய வியாதி தலைகாட்டியது. கழுத்தளவு தண்ணீரில் கேமராவைத் தூக்கிப் பிடித்து எடுத்த காட்சியைப் பார்த்தால் எனக்குத் தோள் வலிக்கிறது. தோள் வலித்தவுடன் காட்சி நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. வலி திரையில் வராது. காசு கொடுத்து உள்ளே வந்தவருக்கு அது தேவையும் இல்லை. இன்னொரு பக்கம், ட்ரோன் காட்சி வந்தாலே எனக்குக் கை அரிக்கிறது. வாடகைக்கு எடுத்தோம், பறக்கவிட்டோம், எனவே படத்தில் வைத்தோம் என்பது உள்ளிருந்து தெரிந்தவனுக்குத் தெரியும். ட்ரோன் வந்த பிறகு ஆவணப்படங்களில் எல்லா ஊரும் மேலிருந்து பார்த்தால் ஒரே ஊர்.

இந்த விழாவில் வாழ்நாள் விருது பெற்றவர்களில் ரீனா மோகனும் உண்டு. 1913இல் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் நடித்த கமலாபாய் கோகலேயை அவருடைய முதிய வயதில் எடுத்த படம் ‘கமலாபாய்’. தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் படம் அது. படம் எடுக்க வந்தவர்களை எப்படி நடத்துவது என்பதை அதில் அந்த அம்மாள்தான் முடிவு செய்கிறார். அக்காவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், இன்னும் கைகூடவில்லை.

அவரை வண்டி ஏற்றிவிடத் தம்பானூர் நிலையத்துக்குப் போனபோது ஒரு புகார் வைத்தார்.

“ஏந் தம்பி, கோயில் கொடையில எம் பேத்தி கும்பம் எடுத்தத எல்லாம் எடுத்தியள்லா? அத எங்க காணும்?”

கொடை முழுவதையும் இரண்டு நாள் எடுத்தோம், நல்ல காட்சிகள். படத்தில் ஒரு சட்டகம்கூட வைக்கவில்லை. அளத்தை விட்டு வெளியே போனால் படம் தளர்ந்துபோகும் என்று எடிட்டர் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். அதை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அத மட்டும் வெட்டி வாட்சப்புல போடுங்க” என்றார். போட்டேன். தூத்துக்குடியில் என் படத்தைப் பார்த்தவர்களைவிட அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்தவர்கள் நிச்சயம் அதிகம்.

கட்டுரை அச்சானதும் மருமகன் இதழை வாங்கிப் படித்துக் காட்டியிருக்கிறார். அக்கா போன் செய்தார். கேரளாக்காரர் படம், வங்காளத்துப் பிள்ளை எடுத்த படம், எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்களே என்று ஆரம்பித்தார்.

“எம் பேரு ஒரு எடத்துலயும் இல்ல. போட்டோவாவது போட்டிருக்கலாம்லா?”

அந்த இரண்டு வாக்கியத்தை நினைவுபடுத்தி, உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். “அத விடுங்க, அது வாய்ல வந்துட்டு. பேரப் போடுறதுக்கு என்ன?” என்றார். அடுத்த கட்டுரையில் கட்டாயம் போடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். இதிலும் போடவில்லை. சீசன் இன்னும் முடியவில்லை.